‘ஆனால்’ என்பதும் ‘ஆகவே’ என்பதும்: ஒரு படைவீரரின் கடந்த காலத்தை வினவிய சொற்கள்



மொழியியல் கற்பித்தவர்கள் பொதுமேடைக்கு வந்தால் ஒலியன், உருபன் என்றே தொடங்குவார்கள் என்னும் அச்சம் மாணவர்களுக்கு உண்டு. அந்த அச்சத்தை ஓரளவு நீக்கும் பொருட்டு, இன்று அரசியல் மேடையில் நிகழ்ந்த ஒரு பெரும் வழக்கை எடுத்துக்கொண்டிருக்கிறோம். 2004ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில் போட்டியிட்ட ஜான் கெர்ரி என்பவரின் போர்க்களப் பணியும், போரிலிருந்து திரும்பிய பின் அவர் மேற்கொண்ட போர் எதிர்ப்பும் எவ்வாறு வினாவுக்கு உட்படுத்தப்பட்டன என்பதே அது. எந்தக் கட்சிக்கும் வாதாட நாம் வரவில்லை. அந்த வினாக்கள் எத்தகைய சொற்களால் ஆக்கப்பட்டன, அச்சொற்கள் கேட்போரை எங்குக் கொண்டு சேர்த்தன என்பதைக் காண்பதே நோக்கம்.

இப்பொருள் நமக்குத் தொலைவானதன்று. நம் நாட்டில் 1967 முதல் தேசிய சேவை நடைமுறையில் இருக்கிறது. இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் மாணவர்களுள் பலர் நாளை சீருடை அணிவார்கள். அவர்களுக்கும் ஒரு பணிப்பதிவு உருவாகும். அதே மாணவர்கள் குடிமக்களாகித் தலைவர்களை எடைபோடவும் வேண்டியிருக்கும். ஒருவரின் பணிப்பதிவை எப்படிக் கேட்பது, எப்படிக் கேட்கக்கூடாது என்பதை அறிந்திருத்தல் இருவகையிலும் அவர்களுக்குத் தேவை.

1. நிகழ்ந்தது

முதலில் செய்தியைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். 1943இல் பிறந்த கெர்ரி, 1966இல் யேல் பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற கையோடு கடற்படையில் சேர்ந்தார். 1968 நவம்பரில் வியட்நாம் சென்று, சற்றேறக்குறைய நான்கு மாதங்கள் சுவிஃப்ட் படகு எனப்படும் சிறு ரோந்துப் படகுகளின் தலைவராகப் பணியாற்றினார். ஐம்பது அடி நீளமுள்ள அலுமினியப் படகு அது. ஓர் அதிகாரியும் ஐந்து மாலுமிகளுமாக அறுவர் அதில் செல்வர். கெர்ரி இரண்டு படகுகளுக்கு அடுத்தடுத்துத் தலைமை ஏற்றார். அப்பணிக்காக அவருக்கு வெள்ளி நட்சத்திரம், வெண்கல நட்சத்திரம், போரில் காயமுற்றோர்க்கு வழங்கப்பெறும் பர்ப்பிள் ஹார்ட் விருது மூன்று ஆகியன கிடைத்தன. மூன்று முறை காயமுற்றவர் களத்திலிருந்து இடமாற்றம் கோரலாம் என்னும் விதிப்படி அவர் நாடு திரும்பினார்.

திரும்பியவர் போரை எதிர்த்தார். 1971ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், செனட் அவையின் வெளியுறவுக் குழுவின் முன், போரை எதிர்க்கும் வியட்நாம் முன்னாள் வீரர்கள் அமைப்பின் சார்பில் சாட்சியம் அளித்தார். அப்போது அவருக்கு வயது 27. ஒரு தவற்றுக்காக உயிர்விடும் கடைசி மனிதனாக இரு என்று ஒருவனிடம் எப்படிக் கேட்பது என்னும் பொருள்பட அவர் எழுப்பிய வினா நாடெங்கும் பேசப்பட்டது. மறுநாள் முன்னாள் வீரர்கள் தம் விருதுகளை நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னிருந்த வேலிக்கு அப்பால் வீசி எறிந்தனர். கெர்ரியும் அவர்களுள் ஒருவர்.

முப்பத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2004 ஜூலையில் பாஸ்டன் நகரில் நடந்த கட்சி மாநாட்டில், பணிக்கு வந்துவிட்டேன் என்று படைவீரர் முறையில் சலாம் வைத்துத் தம் பேச்சைத் தொடங்கினார் கெர்ரி. தம் போர்க்களப் பணியையே தகுதியின் அடையாளமாக அவர் முன்வைத்தார். அடுத்த வாரமே, ஆகஸ்ட்டு தொடக்கத்தில், ‘உண்மைக்கான சுவிஃப்ட் படகு முன்னாள் வீரர்கள்’ என்னும் அமைப்பு ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தை வெளியிட்டது. விருதுகளைப் பெற அவர் பொய்யுரைத்தார் என்பது அதன் குற்றச்சாட்டு. அம்மாதத்திலேயே மற்றொரு விளம்பரம் 1971ஆம் ஆண்டுச் சாட்சியத்தைத் தாக்கியது. ஜான் ஓ’நீல், ஜெரோம் கோர்சி ஆகிய இருவர் எழுதிய நூலும் வெளிவந்தது. இந்த ஓ’நீல், 1971இலேயே தொலைக்காட்சியில் கெர்ரியோடு நேருக்கு நேர் வாதிட்டவர். நவம்பரில் கெர்ரி தோற்றார். தோல்விக்கு இதுவே காரணம் என்று யாரும் நிறுவிவிட முடியாது. ஆயினும் ‘சுவிஃப்ட் படகு’ என்னும் பெயர்ச்சொல் அதன்பின் ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகிவிட்டது. ஒருவரின் நற்பெயரைத் திட்டமிட்டுச் சிதைப்பது என்பது அவ்வினையின் பொருள். அப்படகுகளில் உயிரைப் பணயம் வைத்த பலர், தம் படகின் பெயர் இவ்வாறு ஆனதை எண்ணி வருந்தியிருப்பர். ஒரு சொல்லின் பொருள் மாறும்போது அதனோடு சேர்ந்து சிலருடைய வாழ்வும் இழுபடுகிறது.

2. வினாவின் வகை

இனி வினாவுக்கு வருவோம். நன்னூலார் வினாவை ஆறாக வகுத்தார் என்பதை உயர்நிலைப் பள்ளி மாணவரும் அறிவர். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன அவை. இப்பகுப்பில் நாம் வியக்கத்தக்கது ஒன்று உண்டு. வினாவின் வடிவத்தை வைத்து அவர் பிரிக்கவில்லை. வினவுவோரின் உள்ளக் கருத்தை வைத்துப் பிரித்தார். ‘இதன் பொருள் என்ன?’ என்று ஆசிரியர் கேட்டால் அறிவினா. மாணவர் கேட்டால் அறியா வினா. சொற்கள் ஒன்றே, வினா வேறு.

இந்த அளவுகோலை இவ்வழக்கில் வைத்துப் பார்ப்போம். 1971இல் கெர்ரி எழுப்பிய வினா, விடை வேண்டி எழுந்ததன்று. அதன் விடை வினவியவருக்கும் கேட்டவருக்கும் தெரியும். 2004இல் வந்த முதல் விளம்பரத்தின் பெயரே ‘ஏதேனும் கேள்விகள் உண்டா?’ என்னும் பொருளுடையது. கெர்ரியின் துணை வேட்பாளர் ஜான் எட்வர்ட்ஸ், கெர்ரி எத்தகையவர் என்னும் ஐயம் இருப்பின் அவரோடு பணியாற்றியவர்களிடம் கேளுங்கள் என்று மேடைகளில் பேசிவந்தார். அந்தப் பேச்சையே முன்னால் வைத்து, அதற்கு விடை கூறுவதுபோல முன்னாள் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தோன்றிக் குற்றம் சாட்டினர். ஆக, வினாவின் பெயரால் வந்தது விடை. அதனை அறியா வினா என்று கொள்ள இயலாது. ஐய வினா என்று கொள்ளவும் இயலாது. வினாவின் உடையை அணிந்துவந்த உறுதிக்கூற்று அது.

உறுதிக்கூற்றாகவே வருவது எளிது. அதற்குச் சான்று கேட்கலாம். வினாவாக வரும்போதோ, ‘கேட்கத்தானே செய்தோம்’ என்று ஒதுங்கிவிட வழி இருக்கிறது. ‘இப்போதாவது உண்மை சொல்வீர்களா?’ என்று ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். ஆம் என்றாலும் இல்லை என்றாலும், இதுவரை பொய் சொல்லிவந்தார் என்பதை அவர் ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்தச் சுமை முழுவதையும் ‘ஆவது’ என்னும் இடைச்சொல் சுமக்கிறது. இடைச்சொல் தனித்து நிற்காது, பொருளும் தராது என்று வகுப்பில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஒருவரின் மானத்தைக் கெடுக்க அந்த இடைச்சொல் ஒன்றே போதும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

விடையை நன்னூலார் எட்டாக வகுத்தார். சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரடியான விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையாவன. அந்த எட்டனுள் மௌனம் இல்லை. விளம்பரம் வெளிவந்து ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கெர்ரி நேரடியாக விடையிறுக்கவில்லை. ஆகஸ்ட்டு 19ஆம் நாள் பாஸ்டனில் தீயணைப்பு வீரர் சங்க மாநாட்டில்தான் வாய்திறந்தார். அதற்குள் கேட்டவர்கள் அந்த மௌனத்தையே ஒரு விடையாக எடுத்துக்கொண்டனர்.

3. ‘உடன்’ என்னும் சொல்

அந்த விளம்பரத்தில் தோன்றியவர்கள் மீண்டும் மீண்டும் கூறிய தொடர், ‘நான் ஜான் கெர்ரியுடன் பணியாற்றினேன்’ என்பதாகும். இங்கு நம்மைப் பற்றிய ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்த விளம்பரத்தை முதன்முதல் பார்த்தபோது நாம் நம்பினோம். ஒரே படகில் சென்றவர்கள், தோளோடு தோள் நின்றவர்கள் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொண்டோம். நண்பர்கள் இருவரிடம் அவ்வாறே கூறவும் செய்தோம். வேற்றுமைப் பொருளைப் பல்லாண்டு கற்பித்த நாமே ஓர் ‘உடன்’ என்ற சொல்லில் வழுக்கி விழுந்தோம்.

மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்னும் பொருள்கள் உண்டு. உடனிகழ்ச்சி எவ்வளவு நெருக்கமானது என்பதை உருபு சொல்வதில்லை. ‘ஆசிரியரோடு மாணவர் வந்தார்’ என்றால், ஒரே வண்டியில் வந்தாரா, ஒரே நாளில் வந்தாரா, ஒரே விழாவுக்கு வந்தாரா என்பது தெரியாது. ஆங்கிலத்திலும் அந்நிலையே. விளம்பரத்தில் தோன்றியவர்கள் அதே காலத்தில், அதே வகைப் படகுகளில், அப்பகுதியில் பணியாற்றியவர்கள். அவர்கள் கூறியது பொய்யன்று. ஆனால் அவ்விளம்பரத்தில் பேசியவர்களுள் எவரும் கெர்ரியின் படகில் அவருக்குக் கீழ்ப் பணியாற்றியவர் அல்லர். அவ்வாறு பணியாற்றியவர்களுள் ஒருவர் மட்டும் அவ்வமைப்பில் சேர்ந்தார். வெளிப்படையாகப் பேசிய ஏனையோர் கெர்ரியின் பக்கம் நின்றனர்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் கூறுவதே முறை. சுவிஃப்ட் படகுகள் பெரும்பாலும் கூட்டமாகச் சென்றன. பக்கத்துப் படகில் இருந்தவரும் கண்ணால் கண்ட சாட்சியே. ஆகவே ‘நீ அவர் படகில் இல்லை, பேசாதே’ என்று வாயடைப்பதும் சரியன்று. எந்தப் படகில் இருந்தீர், எவ்வளவு தொலைவில் இருந்தீர், அன்று என்ன கண்டீர் என்று கேட்பதே சரி. ‘உடன்’ என்பதை ஏற்றுக்கொள்ளவும் வேண்டா, தள்ளவும் வேண்டா. விரித்துக் கேட்க வேண்டும்.

1969 மார்ச் 13ஆம் நாள் நிகழ்ச்சி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஐந்து படகுகள் ஓர் ஆற்றில் சென்றன. ஒரு படகின் அடியில் கண்ணிவெடி வெடித்தது. கெர்ரியின் படகிலிருந்த ஜிம் ராஸ்மன் என்னும் தரைப்படை அதிகாரி ஆற்றில் வீழ்ந்தார். கெர்ரி காயமுற்ற கையோடு அவரைப் படகுக்குள் இழுத்துக் காப்பாற்றினார் என்பது விருதுப் பத்திரத்தின் கூற்று. அப்போது எதிரிகள் சுடவே இல்லை என்றார் மற்றொரு படகின் தலைவர். ஆனால் அதே நிகழ்ச்சிக்காக அவருக்கும் விருது கிடைத்திருந்தது. அந்த விருதுப் பத்திரம் எதிரிகளின் துப்பாக்கிச்சூட்டைக் குறிப்பிட்டது. அந்த வாசகம் கெர்ரியின் அறிக்கையிலிருந்து எடுக்கப்பட்டிருக்கலாம் என்று அவர் விளக்கம் கூறினார். ஆற்றில் வீழ்ந்து உயிர்பிழைத்த ராஸ்மனோ, கெர்ரியின் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவராக இருந்தும், சுட்டார்கள் என்றே சாட்சி கூறினார். முப்பத்தைந்து ஆண்டுக்கால நினைவு ஒருபுறம், அன்றே எழுதிய ஏடு ஒருபுறம். நினைவை அறவே தள்ள முடியாது. எனினும் ஏட்டை மறுப்பவர்க்கே சான்று காட்டும் பொறுப்பு மிகுதி. 2004 செப்டம்பரில் கடற்படைத் தலைமை ஆய்வாளர், விருது வழங்கிய நடைமுறை முறைப்படியே அமைந்திருந்தது என்று அறிவித்தார்.

4. அறுந்துபோன ‘என்று’

இரண்டாம் விளம்பரம் மொழியியல் மாணவர்க்கு ஒரு பாடநூல் போன்றது. 1971 ஜனவரி இறுதியிலும் பிப்ரவரித் தொடக்கத்திலும் டெட்ராய்ட் நகரில் ‘வின்டர் சோல்ஜர்’ என்னும் பெயரில் மூன்று நாள் விசாரணை ஒன்றை முன்னாள் வீரர்கள் நடத்தினர். தாம் செய்த, தாம் கண்ட கொடுமைகளை நூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கு எடுத்துரைத்தனர். கெர்ரி செனட் குழுவின் முன் அவற்றைத் தொகுத்துக் கூறினார். அதாவது, ‘இன்னின்ன செய்தோம் என்று அவர்கள் கூறினார்கள்’ என்பதே அவரது வாக்கியத்தின் அமைப்பு. விளம்பரமோ, ‘அவர்கள் கூறினார்கள்’ என்னும் பகுதியை வெட்டிவிட்டு எஞ்சியதை மட்டும் ஒலிபரப்பியது. கேட்டவர்க்கு, அமெரிக்கப் படைவீரர் அனைவர்மீதும் கெர்ரி தாமாகவே கூறிய பழியாக அது தோன்றிற்று.

ஆங்கிலத்தில் ‘அவர்கள் கூறினார்கள்’ என்பது வாக்கியத்தின் தலையில் நிற்கிறது. தமிழில் அது கடைசியில், ‘என்று’ என்னும் சொல்லின் துணையோடு நிற்கிறது. ஆகவே ஆங்கில வாக்கியத்தைத் தலையை வெட்டிச் சிதைக்கலாம். தமிழ் வாக்கியத்தை வாலை வெட்டிச் சிதைக்கலாம். நம் மொழியில் ஆபத்து இன்னும் மிகுதி என்றே கூறலாம். பேச்சு பாதியில் நிறுத்தப்பட்டாலே போதும், பிறர் கூற்று தம் கூற்றாகிவிடும். நாளிதழ்த் தலைப்பில் இடமில்லை என்று ‘என்று’ விடப்படும்போதும், கைப்பேசியில் முப்பது நொடிக் காணொளி பகிரப்படும்போதும் நிகழ்வது இதுதான். தமிழில் ‘ஆம்’ என்றோர் இடைச்சொல் உண்டு. ‘சுட்டார்கள்’ என்பதற்கும் ‘சுட்டார்களாம்’ என்பதற்கும் இடையே எவ்வளவு தொலைவு! கண்டதையும் கேட்டதையும் ஓரசையால் பிரித்துக்காட்டும் வசதியை நம் மொழி நமக்குத் தந்திருக்கிறது. அதைக் கைவிடுவது வெறும் நடைக்குறை அன்று, நேர்மைக்குறை.

இங்கும் மறுபக்கத்தைச் சொல்லாவிட்டால் நாமும் வாலை வெட்டியவராவோம். கெர்ரி பிறர் கூற்றை எடுத்துரைத்ததோடு நிற்கவில்லை. இவை எங்கோ ஒன்றிரண்டாக நிகழ்ந்தவை அல்ல, நாள்தோறும் நிகழ்ந்தவை, மேலதிகாரிகள் அறிந்தவை என்று தம் கூற்றாகவும் சேர்த்துரைத்தார். 2004 ஏப்ரலில் ஒரு நேர்காணலில், கோபத்தில் சொற்கள் சற்று மிகுந்துவிட்டன என்னும் பொருள்பட அவரே ஒப்புக்கொண்டார். வியட்நாமியச் சிறைகளில் பல்லாண்டு துன்புற்றவர்கள் அந்த விளம்பரத்தில் பேசினார்கள். சித்திரவதைக்கு உள்ளாகியும் எதிரிக்கு நாங்கள் தர மறுத்த சொற்களை இவர் விலையின்றித் தந்துவிட்டார் என்பது அவர்களின் மனக்குமுறல். வாக்கியத்தை வெட்டியது பிழை; ஆனால் அந்தக் குமுறல் பொய்யன்று. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைத்தல் ஆகாது.

5. கேட்கத் தகுந்த வினாக்கள்

கெர்ரியை நோக்கி எழுந்த வினாக்கள் எல்லாம் பழி சுமத்தலே என்று கூறிவிட முடியுமா? முடியாது. இரண்டைச் சுட்டுவோம்.

1971இல் அவர் எறிந்தது என்ன என்பது முதல் வினா. விருதுப் பதக்கம் வேறு, சீருடையில் அணியும் அதன் நாடா வேறு. அவர் எறிந்தவை தம்முடைய நாடாக்களும், வர இயலாத வேறு இருவரின் பதக்கங்களுமாம். ஆனால் 1971இல் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில், தாம் திருப்பித் தந்தவற்றைப் பதக்கங்கள் என்றே குறிப்பிட்டார். 2004இல் கேட்கப்பட்டபோது, படைவீரர் வழக்கில் இரண்டும் ஒன்றே என்றார். விருது என்னும் நோக்கில் அது சரி. நாடாவும் பதக்கமும் ஒரே விருதின் இரண்டு வடிவங்கள். ஆயினும், தம் பதக்கங்களையே எறிந்தார் என்று நாடு நம்பிக்கொண்டிருந்தபோது அந்த நம்பிக்கையை அவர் திருத்தினாரா என்று கேட்பது முறையான வினாவே. ஒருபொருட் பன்மொழி என்று இலக்கணம் கூறுவதெல்லாம் எல்லா இடத்திலும் ஒருபொருள் தருவதில்லை. எறிகின்ற கைக்கு நாடாவும் பதக்கமும் ஒரே எடை அல்ல.

இரண்டாவது, கம்போடியா பற்றியது. 1968ஆம் ஆண்டுக் கிறித்துமசு நாளில் தாம் கம்போடிய எல்லைக்குள் இருந்ததாகவும், அது நெஞ்சில் சுட்டுப் பதித்த நினைவு எனவும் 1986இல் செனட் அவையில் அவர் பேசினார். 2004இல் அவரது தேர்தல் குழு அந்த நாளைப் பற்றிய கூற்றிலிருந்து பின்வாங்கியது. நினைவு உறுதியாக இருப்பதனாலேயே அது சரியாக இருக்கும் என்பதில்லை என்பதற்கு இது சான்று. அவரை வினவியவர்களின் நினைவுக்கும் இதே விதி பொருந்தும்.

இவ்விரு வினாக்களிலும் விடை உண்டு. சான்று தேட இடம் உண்டு. விடை வந்தால் வினா அடங்கும். நல்ல வினாவின் அடையாளம் அதுதான். அவரது பணிப்பதிவேடுகள் முழுவதையும் வெளியிட வேண்டும் என்று கேட்டதும் தவறன்று. 2005இல் அவர் அதற்கு ஒப்பமிட்டு, நாளிதழார் பார்வையிட்டபோது, புதிதாகக் குற்றம் ஏதும் அவற்றில் இல்லை. பிற்காலத்தில் அவரைக் குறைகூறியவர்களுள் சிலர் அக்காலத்தில் அவரைப் பாராட்டி எழுதியிருந்தவையும் அவற்றுள் இருந்தன. அந்த ஒப்பத்தை ஓராண்டு முன்னதாக அவர் இட்டிருக்கலாம் என்று எண்ணுவோர் பலர்.

6. எழுத்தே சாட்சியாகும்போது

இதே தேர்தலில் எதிரணித் தலைவரான ஜார்ஜ் புஷ்ஷின் படைப்பணியும் வினவப்பட்டது. அவர் 1968இல் டெக்சாஸ் வான் காவற்படையில் சேர்ந்தவர். அங்குக் கடமையை முழுமையாகச் செய்தாரா என்பது வினா. 2004 செப்டம்பர் 8ஆம் நாள் சிபிஎஸ் தொலைக்காட்சி, 1970களின் தொடக்கத்தில் அவருடைய மேலதிகாரி எழுதியவை என்று சில குறிப்புகளை வெளியிட்டது. அந்த மேலதிகாரி 1984இலேயே காலமாகிவிட்டார். குறிப்புகளின் எழுத்துவடிவைக் கண்டவர்கள், இவை அக்காலத் தட்டச்சுப்பொறியின் எழுத்துகளா, இக்காலக் கணினியின் எழுத்துகளா என்று ஐயுற்றனர். எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளியும், வரிக்கு மேலேறிய சிற்றெழுத்தும் ஐயத்திற்கு வித்திட்டன. பன்னிரண்டு நாளில், அவற்றின் மெய்ம்மையை நிறுவ இயலவில்லை என்று நிறுவனம் அறிவித்தது. பின்னர் ஊழியர் நால்வர் பொறுப்பிழந்தனர்.

சுவடி ஆய்வு பயின்றோர்க்கு இது பழகிய நிலம். 1950இல் எழுதப்பட்டது என்று ஒருவர் ஒரு தமிழ்க் கடிதத்தைக் கொண்டுவருகிறார். அதில் ‘னை’, ‘றா’ முதலியன இன்றைய சீர்திருத்த வடிவில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்த ஆணையைப் பிறப்பித்தது 1978இல்தான் என்பதால், இது போலி என்று உடனே கூறத் தோன்றும். ஆனால் பெரியாரின் ‘குடி அரசு’ 1935இலேயே அவ்வடிவங்களைப் பயன்படுத்தியது. ஆகவே எழுத்து ஐயத்தை எழுப்பும். தீர்ப்பை அது ஒன்றே வழங்கிவிடாது. தட்டச்சுப்பொறி வழக்கிலும் அவ்வாறே. எழுத்துக்கு ஏற்ப இடைவெளி விடும் பொறிகள் 1970களிலும் சில இருந்தன. மூலப்படி எங்கே, யார் கொடுத்தார், எக்கை மாறி வந்தது என்பனவே தீர்ப்பைத் தருவன. அந்த மூன்றுக்கும் விடையில்லாமல் ஒளிபரப்பியதுதான் பிழை. இதனால் நேர்ந்த பெருங்கேடு ஒன்று உண்டு. போலியென ஐயுறப்பட்ட ஏட்டோடு சேர்ந்து, புஷ்ஷின் பணி குறித்த முறையான வினாவும் மடிந்துபோயிற்று. பொய்ச்சான்று உண்மையான வினாவையும் கொன்றுவிடும்.

7. ஓர் இணைப்புச்சொல்

இறுதியாக, இந்த வழக்கின் நடுநாடிக்கு வருவோம். அதனை இரண்டு வாக்கியங்களில் அடக்கலாம்.

‘அவர் போரில் பணியாற்றினார், ஆனால் போரை எதிர்த்தார்.’

‘அவர் போரில் பணியாற்றினார், ஆகவே போரை எதிர்த்தார்.’

செய்திகள் இரண்டிலும் ஒன்றே. இணைப்புச்சொல் மட்டும் வேறு. ‘ஆனால்’ என்பவர், முன்னதைப் பின்னது அழித்துவிட்டது என்கிறார். அவருக்குப் பணி உண்மையாயின் எதிர்ப்பு துரோகம். எதிர்ப்பு உண்மையாயின் பணி நடிப்பு. ‘ஆகவே’ என்பவர், முன்னதிலிருந்தே பின்னது பிறந்தது என்கிறார். கண்டதனால் பேசினார், பேசியதனால் பழிக்கப்பட்டார் என்பது அவர் கொள்கை. தேர்தல் ஆண்டில் கெர்ரியின் தரப்பே முதற்பாதியை உரக்கக் கூறிப் பிற்பாதியைத் தணிந்த குரலில் கூறியது. விட்டுவைத்த அந்த இடைவெளியில் மற்றவர்கள் ‘ஆனால்’ என்னும் சொல்லை வந்து வைத்தார்கள். தம் வாழ்வின் இரு பாதிகளை இணைக்கும் சொல்லைத் தாமே கூறாதவர்க்கு, அதனைப் பிறர் கூறிவிடுவார்கள்.

செய்திகளைச் சரிபார்க்கலாம், நாளையும் இடத்தையும் ஏட்டில் தேடலாம். இணைப்புச்சொல்லை எந்த ஏட்டிலும் தேட முடியாது. அது கூறுவோரின் தீர்ப்பு. ஆகவேதான் அதனைச் செய்தி என்று மயங்காமல், தீர்ப்பு என்று அறிந்து கேட்க வேண்டும். குணமும் குற்றமும் ஆராய்ந்து மிக்கதைக் கொள்ளுமாறு ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தில் வள்ளுவர் நமக்கு வழிகாட்டியிருக்கிறார். இரண்டையும் தட்டில் வைத்த பின்னரே எடைபோட முடியும். ஒன்றை எறிந்துவிட்டு எடைபோடுவதைத் தராசு ஏற்காது.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வினா வகை ஆறு, விடை வகை எட்டு என்று மனப்பாடம் செய்விப்பதோடு நிறுத்தாதீர்கள். ஒரு நாளிதழ்ச் செய்தியைக் கொடுத்து, இதில் யார் கூற்று யாருடையது, ‘என்று’ எங்கே விடுபட்டிருக்கிறது, ‘உடன்’ என்பது எத்தனை அடித் தொலைவு, ‘ஆனால்’ என்பதற்குப் பதில் ‘ஆகவே’ போட்டால் என்னவாகும் என்று மாணவர்களைக் கேளுங்கள். இலக்கண வகுப்பு அப்போது குடிமை வகுப்பும் ஆகிவிடும்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் நாளை பலரையும் வினவ வேண்டிவரும். உங்களையும் பலர் வினவுவார்கள். தலைவர்களைக் கேளுங்கள், அஞ்சாமல் கேளுங்கள். கேட்கும்முன், இந்த வினாவுக்கு விடை வந்தால் நாம் ஏற்றுக்கொள்வோமா என்று உங்களையே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றுக்கொள்வோம் என்றால் அது வினா. இல்லையென்றால், அது வினாவாக இருக்க முடியாது. அன்று அந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நண்பர்களிடம் நாம் கூறியதை, உண்மை தெரிந்த பின் அவர்களிடமே சென்று திருத்திக் கூறினோம். ஒருவர் சிரித்தார், ஒருவர் மறந்தே போயிருந்தார். ஆயினும் கூறியது நம் கடன்.